பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் ஏசியை நாமே சரிசெய்து கேஸ் நிரப்புவது எப்படி

அமெரிக்காவில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர், ஏசி குளிராமல் போனதும் உதிரிபாகக் கடையில் ஒரு கேன் கேஸ் வாங்கி ஏற்றிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் குளிரும். அப்புறம் மறுபடியும் வெந்த காற்று, மறுபடியும் ஒரு கேன். இப்படியே நாலைந்து கோடை போனால் கம்ப்ரஸரும் போய்விடும். அந்த வழியில் போக வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கும். அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, அதன்பிறகு எடை போட்டு நிரப்ப வேண்டும். இந்த வரிசை மாறினால் போட்ட பணமும் உழைப்பும் வீண்.

உதாரணத்துக்கு 1994 முதல் 1996 வரை வந்த ஃபோர்டு எஃப்-150-ஐ எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கும் டெக்ஸஸ், ஓக்லஹோமா பக்கம் சாலையில் தாராளமாகக் கண்ணில் படும் வண்டி. பானட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும், உதிரிபாகங்கள் மலிவு, புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட வசதியான வண்டி குறைவு. அதே காலத்து ஷெவர்லே பிக்கப்புகளிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். டொயோட்டா, நிஸான் பிக்கப்புகளில் ஒன்றிரண்டு பாகங்கள் மாறும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் எந்த கேஸ்?

பானட்டின் அடியிலோ ரேடியேட்டருக்கு மேலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கேஸின் வகையும் அளவும் அதில் எழுதியிருக்கும். 1994 மாடல் முதல் ஃபோர்டு பிக்கப்புகளில் ஆர்-134ஏ. அதற்கு முந்தையவற்றில் ஆர்-12. ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஆர்-12 படிப்படியாக விலக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 இறுதியோடு நின்றது.

கேஸ் ஏற்றும் வாயைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஆர்-12 வண்டியில் மரையுள்ள சிறிய வாய். ஆர்-134ஏ வண்டியில் மரை தேவைப்படாத, கப்ளர் (கேஜ் குழாயின் முனையில் இருக்கும் பூட்டு) மாட்டி அழுத்தினால் பூட்டிக்கொள்கிற தடித்த வாய். மரையின் மேல் ஒரு அடாப்டர் உட்கார்ந்திருந்தால் யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி மாற்றிய வண்டியில் பழைய ஸ்டிக்கரை நம்ப முடியாது. ஆர்-12-க்குச் சொன்ன அளவில் 80 முதல் 85 சதவீதம் ஆர்-134ஏ போதும். எண்ணெயும் மாறும். ஆர்-12-க்கு மினரல் எண்ணெய், ஆலையிலிருந்தே ஆர்-134ஏ-வோடு வந்த ஃபோர்டுக்கு பேக்-46 என்ற வகை, நடுவில் மாற்றிய வண்டிக்குப் பெரும்பாலும் எஸ்டர் எண்ணெய்.

ஆர்-12-க்கு மாற்று என்று சொல்லி, புரோப்பேன் போன்ற எரியும் வாயு கலந்த கேன்களை விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆர்-12 வண்டியில் அவற்றைப் போட அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதிப்பதில்லை. கேபின் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் நம் கால்மாட்டில், டாஷ்போர்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அது கசிந்தால் எரிவாயு கேபினுக்குள்ளேயே நிறையும். தொடவே வேண்டாம்.

கேஸ் போகிற பாதை

கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்கி முன்னால் இருக்கும் கண்டன்சருக்குத் தள்ளும். அங்கே வெளிக்காற்று பட்டு கேஸ் குளிர்ந்து திரவமாகும். அந்தத் திரவம் ஆரிஃபிஸ் டியூப் என்கிற, பென்சிலைவிட மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் துளை வழியாக எவாப்பரேட்டருக்குள் பாயும்போது அழுத்தம் சட்டென்று விழுந்து கொதிக்கும். கொதிப்பதற்கான வெப்பத்தைக் கேபின் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அதுதான். வெளியே வரும் கேஸ் அக்குமுலேட்டர் என்ற உருளை வழியாகக் கம்ப்ரஸருக்குத் திரும்பும். ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குள் போய்விடாமல் பிடித்துவைப்பதும், உள்ளே இருக்கும் உலர்த்தியால் ஈரத்தை உறிஞ்சுவதும் அக்குமுலேட்டரின் வேலை. எஃப்-150-இல் இது பயணி பக்கம், எஞ்சின் அறையின் பின்சுவரை ஒட்டி இருக்கும். டொயோட்டா, நிஸானில் ஆரிஃபிஸ் டியூபுக்குப் பதில் எக்ஸ்பான்ஷன் வால்வும், அக்குமுலேட்டருக்குப் பதில் கண்டன்சரை அடுத்து ரிசீவர் டிரையரும் இருக்கும்.

கருவிகள்

நீல, சிவப்பு மீட்டர்கள் இரண்டும் உள்ள மேனிஃபோல்டு கேஜ், வேக்கம் பம்ப், கேனைத் துளைத்துத் திறக்கும் வால்வு, கிராம் காட்டும் சமையலறைத் தராசு, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஒரு சிறிய தெர்மாமீட்டர். ஃபோர்டுக்கு மட்டும் கூடுதலாக, குழாய்களைச் சேர்க்கும் ஸ்பிரிங் லாக் இணைப்புகளைப் பிரிக்கும் பிளாஸ்டிக் வளையக் கருவி. இது மலிவானது, அளவுவாரியாக செட்டாகக் கிடைக்கும். வேக்கம் பம்பும் கேஜும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆட்டோஸோன், ஓ'ரைலி போன்ற கடைகளில் முன்பணம் கட்டி எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும்போது பணத்தை வாங்கிக்கொள்ளலாம். இரவல் பம்பில் எண்ணெய் குறைவாகவோ கறுப்பாகவோ இருந்தால் மாற்றிவிட்டு ஓட்டுங்கள். பம்பின் உறிஞ்சும் சக்தி அந்த எண்ணெயை நம்பித்தான் இருக்கிறது.

கேனோடு சேர்த்து விற்கிற, பச்சை மஞ்சள் சிவப்பு நிறம் போட்ட ஒற்றை மீட்டர் குழாயை வாங்காதீர்கள். அது குறைந்த அழுத்தப் பக்கத்தை மட்டும் காட்டும். பாதி விஷயம் உயர் அழுத்தப் பக்கத்தில் இருக்கிறது. அதேபோல் 'ஸ்டாப் லீக்' என்று எழுதிய கேனையும் தவிர்த்துவிடுங்கள். கசிவை அடைக்கும் பசை, காற்றும் ஈரமும் பட்டால் இறுகும் தன்மையுடையது. அது ஆரிஃபிஸ் டியூபையும் அடைக்கலாம், பட்டறையின் கேஸ் மீட்பு எந்திரத்தையும் கெடுக்கலாம். பசை போட்ட வண்டி என்று தெரிந்தாலே சில பட்டறைகள் தொட மறுத்துவிடும்.

கேஜ் மாட்டுவதற்கு முன்

கேஸைக் குறை சொல்லும் முன் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை மேக்ஸ் நிலையில் வைத்து, கம்ப்ரஸரின் முன்தட்டு சுழல்கிறதா என்று கவனியுங்கள். புல்லி எப்போதும் சுழலும். நடுவில் இருக்கும் தட்டு சுழன்றால்தான் கிளட்ச் பிடித்திருக்கிறது. கை, சட்டை நுனி, தலைமுடி எதுவும் பெல்ட் பக்கமும் விசிறி பக்கமும் போகக் கூடாது.

தட்டு அசையவே இல்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் அக்குமுலேட்டரின் மேலிருக்கும் அழுத்த ஸ்விட்சின் இணைப்பைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் சில விநாடி இணைத்துப் பாருங்கள். கிளட்ச் பிடித்தால் மின்சுற்று நன்றாக இருக்கிறது, கேஸ் குறைவு அல்லது ஸ்விட்ச் பழுது. உடனே கம்பியை எடுத்துவிடுங்கள். கேஸ் இல்லாமல் ஓடும் கம்ப்ரஸருக்கு எண்ணெயும் போய்ச் சேராது.

காலையில் பிடித்து, வண்டி சூடேறியபின் பிடிக்காமல் போனால் கிளட்ச் இடைவெளி அகன்றிருக்கலாம். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். தேய்மானத்தில் அது கூடிவிட்டால், சூட்டில் காந்தச் சுருளின் இழுப்பு குறையும்போது தட்டை இழுக்க முடியாது. தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் வளையம் ஒன்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இந்தச் சின்ன வேலைக்காகப் புது கம்ப்ரஸர் வாங்கியவர்கள் உண்டு.

நெடுஞ்சாலையில் குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? கண்டன்சர் வழியாகக் காற்று போதவில்லை. இந்த வண்டியில் விசிறி எஞ்சினோடு சுழல்கிறது, நடுவில் சூட்டை உணர்ந்து பிடிக்கும் விசிறி கிளட்ச் இருக்கிறது. அது தளர்ந்தால் நின்றபடி இருக்கும்போது காற்று இழுக்காது. கண்டன்சரின் முகத்தில் அப்பியிருக்கும் பூச்சி, புழுதி, பருத்திப் பிசிறு எல்லாவற்றையும் தோட்டத்துக் குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். அழுத்தமான தண்ணீர் பீச்சினால் துடுப்புகள் மடங்கிவிடும்.

காற்று டாஷ்போர்டு துவாரங்களில் வராமல் எப்போதும் முன்கண்ணாடிக்கே போகிறது என்றால் அது கேஸ் விவகாரமே இல்லை. எஃப்-150-இல் காற்றைத் திருப்பும் கதவுகள் எஞ்சினின் உறிஞ்சு சக்தியால் நகர்கின்றன. ஏதோ ஒரு மெல்லிய வேக்கம் குழாய் வெடித்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். காற்று வரவேண்டிய இடத்தில் வந்தும் குளிராமல், அக்குமுலேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருந்தால் ஹீட்டர் கதவு முழுதாக மூடவில்லை. ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கொஞ்ச நேரம் கிளாம்ப் போட்டு நெரித்துப் பாருங்கள். காற்று குளிர்ந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

கேஜ் என்ன சொல்கிறது

எஞ்சின் அணைந்திருக்கும்போது இரண்டு கப்ளர்களையும் மாட்டுங்கள். நீலம் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு உயர் அழுத்தப் பக்கம். இரண்டும் அளவில் வேறு, அதனால் மாறி மாட்ட முடியாது. வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றிருந்தால் இரு பக்கமும் ஒரே அழுத்தம் காட்டும். ஆர்-134ஏ-வுக்கு 21 டிகிரி செல்சியஸில் சுமார் 71 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), 27 டிகிரியில் சுமார் 87, 35 டிகிரியில் சுமார் 114. இந்த எண் சரியாக வந்தால் கேஸ் நிறைந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருந்தாலே இந்த அழுத்தம் வந்துவிடும், பாதிதான் இருந்தாலும் இதே எண்தான். எண் இதைவிடத் தெளிவாகக் குறைவு என்றால் கேஸ் ஏறக்குறைய காலி. கூடுதல் என்றால் உள்ளே காற்றோ வேறு ஏதாவது கேஸோ கலந்திருக்கிறது.

இனி எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில் ஓடவிட்டு, ஏசி மேக்ஸ், காற்று முழு வேகம், வண்டிக் கதவுகள் திறந்தபடி வைத்துப் படியுங்கள். ஆரோக்கியமான எஃப்-150-இல் குறைந்த பக்கம் 25-க்கும் 45-க்கும் நடுவே ஏறி இறங்கும். ஏனென்றால் அக்குமுலேட்டர் ஸ்விட்ச் சுமார் 25-இல் கம்ப்ரஸரை நிறுத்தி, 45-ஐ நெருங்கும்போது மறுபடி ஓட்டும். உறைபனி பிடித்து எவாப்பரேட்டர் அடைபடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. உயர் பக்கத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. வெளி வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து 2.2-லிருந்து 2.5 வரை பெருக்குங்கள். 95 ஃபாரன்ஹீட்டில், அதாவது 35 செல்சியஸில், 210 முதல் 240 வரை இருந்தால் நல்லது.

இரண்டும் தாழ்ந்து, கம்ப்ரஸர் சில விநாடிக்கு ஒருமுறை நின்று நின்று ஓடினால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்தால் கேஸ் அதிகம், அல்லது கண்டன்சருக்குக் காற்று போதவில்லை, அல்லது உள்ளே காற்று இருக்கிறது. குறைந்த பக்கம் பூஜ்யத்தை நோக்கி விழுந்து, ஆரிஃபிஸ் டியூபுக்கு அருகே குழாயில் பனி பிடித்தால் அடைப்பு. குறைந்த பக்கம் உயர்ந்து உயர் பக்கம் தாழ்ந்து, இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது.

கசிவைத் தேடுவது

இந்த வேலையில் அவசரம் உதவாது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கூடவே கசியும், அந்த எண்ணெயில் புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும். எனவே முதலில் ஒரு டார்ச் விளக்கோடு ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். இந்தக் காலத்து ஃபோர்டு கம்ப்ரஸர்கள் உடல் இரண்டாகச் சேரும் நடு ஒட்டில் எண்ணெய் வியர்க்கும். கீழ்ப் பக்கம் கைவிட்டுத் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். முன்தட்டின் பின்னால் இருக்கும் ஷாஃப்ட் சீல், பின்பக்கம் குழாய்கள் சேரும் இடம், ஒவ்வொரு ஸ்பிரிங் லாக் இணைப்பு, கல் அடிபடும் கண்டன்சரின் கீழ்மூலை எல்லாவற்றையும் விடாமல் பாருங்கள்.

கேஸ் ஏற்றும் வாய்க்குள் இருக்கும் சின்ன ஊசி வால்வுகளை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், குமிழி வந்தால் வால்வு கசிகிறது. சில டாலரில் முடிகிற பழுது. பார்க்க டயர் வால்வு மாதிரி இருந்தாலும் டயர் வால்வைப் போடக் கூடாது, ஏசிக்கென்று விற்பதையே வாங்குங்கள். அந்த வாய்களின் மூடியும் அலங்காரத்துக்கு இல்லை. உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உள்ள மூடி, வால்வுக்கு அடுத்த காவல்.

கண்ணில் படவில்லை என்றால் புற ஊதா ஒளியில் மின்னும் யூ.வி. சாயம். கொஞ்சம் கேஸோடு சாயத்தை ஏற்றி, சில நாள் வண்டியை ஓட்டிவிட்டு, இருட்டிய பிறகு யூ.வி. விளக்கும் மஞ்சள் கண்ணாடியும் கொண்டு பார்த்தால் கசியும் இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். எவாப்பரேட்டரைப் பார்க்க முடியாது, அதனால் அதன் தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் விளக்கடியுங்கள். அங்கே சாயம் தெரிந்தால் எவாப்பரேட்டர் மாற்ற வேண்டியதுதான். காற்று கம்ப்ரஸரை மாட்டி அழுத்திச் சோதிக்கும் பழக்கம் ஆபத்தானது. ஈரம் உள்ளே போகும் என்பது ஒரு பக்கம், அழுத்தப்பட்ட காற்றோடு ஆர்-134ஏ கலந்தால் தீப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு. அழுத்தித்தான் பார்க்க வேண்டுமென்றால் ரெகுலேட்டர் வைத்த நைட்ரஜன் சிலிண்டர்தான் சரி.

பிரிப்பதற்கு முன் சட்டம்

மிச்சமிருக்கும் கேஸை வெளியே திறந்துவிடுவது அமெரிக்காவில் சட்டவிரோதம். ஆர்-12-க்கு 1992 ஜூலையிலிருந்தும், ஆர்-134ஏ-வுக்கு 1995 நவம்பரிலிருந்தும் இந்தத் தடை இருக்கிறது. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காவிட்டாலும், எடைக்கு எடை கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். பக்கத்துப் பட்டறைக்கு ஓட்டிப்போய், கேஸை மட்டும் எந்திரத்தில் மீட்டெடுக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு வீட்டில் பிரிக்கலாம். சொந்த வண்டியில் வேலை செய்யச் சான்றிதழ் தேவையில்லை. கூலிக்குச் செய்பவருக்குத்தான் வண்டி ஏசி வேலைக்கான 609 சான்றிதழ் கட்டாயம். ஆர்-134ஏ சிறு கேன்கள் பெரும்பாலான இடங்களில் யாருக்கும் கிடைக்கும், ஆனால் சில மாநிலங்களின் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம். வாங்கும் முன் உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரித்து மாற்றுவது

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பிரிங் லாக் இணைப்பில் ஒரு சிறு கூண்டு, அதற்குள் சுருள்கம்பி வளையம். குழாயின் அளவுக்கேற்ற கருவியைச் சுற்றிப் பூட்டி, கூண்டின் வாய்க்குள் தள்ளுங்கள். வளையம் விரியும். அப்போது குழாய்களை நேராக இழுத்தால் பிரிந்துவிடும். முறுக்கி நெம்பினால் அலுமினியம் பிளந்துபோகும். பழைய ஓ-ரிங்குகளை எறிந்துவிட்டு, ஏசிக்கென்று விற்கும் பச்சை நிற ஓ-ரிங்குகளைப் போடுங்கள். ஓ-ரிங்கில் தடவ மினரல் எண்ணெய் நல்லது. பேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், வெளியே இருக்கும் உலோகத்தை நாளடைவில் அரிக்கும். சேர்க்கும்போது வளையம் விழும்வரை அழுத்தி, பின்னால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். திறந்த எந்த வாயையும் அப்படியே விடாமல் பிளாஸ்டிக் மூடியோ டேப்போ போட்டு மூடுங்கள்.

அடுத்து ஆரிஃபிஸ் டியூபை மெல்லிய மூக்குக் குறடால் இழுத்து எடுங்கள். கண்டன்சரிலிருந்து எவாப்பரேட்டருக்குப் போகும் குழாய்க்குள் இருக்கும். இந்த ஒரு பாகத்தின் வலையைப் பார்த்தே முழு அமைப்பின் நிலையைச் சொல்லிவிடலாம், அதனால் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வலை சுத்தமாகவோ லேசான சாம்பல் நிறத்திலோ இருந்தால் நிம்மதி. சிறு மணிகள் ஒட்டியிருந்தால் அக்குமுலேட்டருக்குள் உலர்த்திப் பை கிழிந்திருக்கிறது. வெள்ளித்தூள் மின்னினாலோ கறுப்புச் சேறு அப்பியிருந்தாலோ கம்ப்ரஸர் உள்ளே அரைபட்டு, அந்தத் தூள் கண்டன்சர் முழுக்கப் பரவிவிட்டது. இந்த நிலையில் புது கம்ப்ரஸர் மட்டும் போட்டால் மிச்சத் தூள் அதையும் அரைத்துவிடும். குழாய்களையும் எவாப்பரேட்டரையும் ஏசி ஃபிளஷ் திரவத்தால் கழுவி உலர்த்த வேண்டும். நுண்துளைகள் கொண்ட புதுவகைக் கண்டன்சரைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றிவிடுங்கள். கம்ப்ரஸரையும் அக்குமுலேட்டரையும் ஒருபோதும் ஃபிளஷ் செய்யக் கூடாது.

புது ஆரிஃபிஸ் டியூபைப் பழையதன் நிறத்திலேயே வாங்குங்கள். நிறம் துளையின் அளவைக் குறிக்கிறது. நீளமான வலையுள்ள முனை கண்டன்சர் பக்கம் இருக்க வேண்டும்.

அமைப்பைத் திறந்தாலே அக்குமுலேட்டரையும் மாற்றுவதுதான் முறை. பழைய உலர்த்தி எத்தனை வருட ஈரத்தைக் குடித்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புதியதன் மூடிகளைக் கடைசி நிமிடம்வரை திறக்காதீர்கள். ஆர்-12 வண்டியை மாற்றுபவர்கள் ஆர்-134ஏ-வுக்கு ஏற்ற உலர்த்தி உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

எண்ணெயை அளக்காமல் ஊற்றாதீர்கள். குறைந்தால் கம்ப்ரஸர் தேயும், கூடினால் எவாப்பரேட்டரில் படிந்து குளிர்ச்சி குறையும். எல்லாம் கழுவிப் புதிதாகத் தொடங்கினால் இந்த எஃப்-150-களுக்குப் பொதுவாக 7 அவுன்ஸ், அதாவது சுமார் 207 மில்லிலிட்டர். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் மட்டும் மாற்றினால், பழையதிலிருந்து வடிந்த அளவைப் பார்த்துப் புதியதில் ஊற்றும் முறையும் அந்தக் கையேட்டிலேயே இருக்கும். புது கம்ப்ரஸர் எண்ணெயோடு வந்திருக்கலாம், அதை வடித்து அளந்து கணக்கில் சேருங்கள். மாட்டியபின் முன்தட்டைக் கையால் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால், உள்ளே தேங்கிய எண்ணெய் நகர்ந்து, முதல் ஓட்டத்தில் அடிபடாமல் இருக்கும்.

வேக்கம்

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். உள்ளே ஈரம் இருந்தால் ஆரிஃபிஸ் துளையில் பனிக்கட்டியாகி அடைக்கும், நாள்பட அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அழுத்தம் போதிய அளவு இறங்கினால் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும், பம்ப் அதை இழுத்துவிடும். அதனால் வெதுவெதுப்பான நாளில் இந்த வேலையைச் செய்வது நல்லது.

நடுக்குழாயைப் பம்பில் மாட்டி, இரண்டு வால்வுகளையும் திறந்து, குறைந்தது 45 நிமிடம் ஓடவிடுங்கள். பல நாள் திறந்தே கிடந்த அமைப்பு என்றால் இன்னும் கூடுதலாக. கடல்மட்டத்தை ஒட்டிய ஹியூஸ்டனில் நீல மீட்டரின் முள் வேக்கம் பக்கம் 29 அங்குலத்தை (பாதரச அளவு) தாண்ட வேண்டும். உயரம் ஏற ஏற ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். டென்வரில் 24, 25 காட்டினால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பிறகு வால்வுகளை மூடி, பம்பை அணைத்து, அரை மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். அசையாமல் நின்றால் மேலே போகலாம். ஏறிக்கொண்டே போனால் கசிவு இன்னும் இருக்கிறது, நிரப்பாதீர்கள். வேக்கத்தில் நின்ற இணைப்பு அழுத்தத்தில் கசியக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் வேக்கத்திலேயே நிற்காதது அழுத்தத்தில் நிற்கவே நிற்காது.

நிரப்புவது

பாதுகாப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறக்கவே கூடாது. உயர் பக்கத்தின் 200, 300 பி.எஸ்.ஐ. அழுத்தம் கேனுக்குள் திரும்பி அது வெடித்துவிடும். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம், கண்ணில் தெறித்தால் கண் உறைந்துபோகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

சராசரிக் கேனில் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் கேஸ் இருக்கும். ஸ்டிக்கரில் 32 அவுன்ஸ் என்று இருந்தால் இரண்டு முழுக் கேனும் மூன்றாவதில் 8 அவுன்ஸும். சேர்மானம் ஏதும் இல்லாத, வெறும் ஆர்-134ஏ என்று எழுதியதாக வாங்குங்கள். எண்ணெய் ஏற்கெனவே அளந்து ஊற்றியாகிவிட்டது. ஒவ்வொரு கேனையும் மாட்டும் முன்னும் எடுத்த பின்னும் தராசில் வையுங்கள். காலி என்று நினைக்கும் கேனில் சில கிராம் மிச்சமிருக்கும், இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையில் உள்ளே போனது.

முதல் கேனை மாட்டி, மேனிஃபோல்டு பக்கம் குழாய் முனையை ஒரு நொடி தளர்த்தி, குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றி இறுக்குங்கள். எஞ்சின் அணைந்தபடி நீல வால்வைத் திறங்கள். உள்ளே இருக்கும் வேக்கமே கேஸை இழுத்துக்கொள்ளும். இழுப்பு நின்றதும் எஞ்சினை ஓட்டி, ஏசி மேக்ஸ், காற்று முழு வேகம், கதவுகள் திறந்து வையுங்கள். கேன் நிமிர்ந்தே இருக்கட்டும். கவிழ்த்தால் திரவமாகப் போகும், கம்ப்ரஸரால் திரவத்தை அழுத்த முடியாது, உள்ளே உடைந்துவிடும். கேன் குளிர்ந்து வேகம் குறைந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்கவையுங்கள். கேன் சூடு 49 டிகிரியைத் தாண்டக் கூடாது, நெருப்புப் பக்கம் காட்டவே கூடாது.

பாதி நிரம்பும்வரை கிளட்ச் பிடித்துப் பிடித்து விடும். அது இயல்பு. அந்த நேரத்தில் ஸ்விட்சைக் கம்பியால் இணைத்து ஓட்டச் சொல்பவர்கள் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். பொறுமையாக இருந்தால் தானாகவே சீராகும்.

கேன் மாற்றும்போது வால்வுகளை மூடி, குழாயில் காற்று புகாமல் மறுபடி அதே முறையில் வெளியேற்றுங்கள். கடைசி அவுன்ஸ்களில் தராசையும் சிவப்பு மீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டிக்கர் அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் குளிரும்' என்பது ஆர்-134ஏ-வில் பலிக்காது. கண்டன்சரில் திரவம் தேங்கி, அழுத்தம் உயர்ந்து, குளிர்ச்சி குறையத்தான் செய்யும்.

முடிந்ததா என்று பார்ப்பது

கதவுகளைச் சாத்தி, மேக்ஸ் நிலையில் பத்து நிமிடம் ஓட்டி, நடுத் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். மிதமான நாளில் 5 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரும். 35 டிகிரி புழுக்கத்தில் நின்ற வண்டியில் 12, 13 காட்டினாலும் குறையில்லை. ஓட ஆரம்பித்தால் இறங்கும். காற்றில் ஈரம் அதிகமானால் அதைத் தண்ணீராக்குவதற்கே எவாப்பரேட்டரின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். அதனால் ஹியூஸ்டனில் வரும் எண்ணை வறண்ட ஃபீனிக்ஸில் வரும் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. எவாப்பரேட்டரின் வெளிவாய்க் குழாயும் அக்குமுலேட்டரும் தொட்டால் ஒரே மாதிரி ஜில்லென்று இருந்தால் அளவு சரியாக விழுந்திருக்கிறது.

எஞ்சினை அணைத்து, அழுத்தம் இறங்கச் சில நிமிடம் விட்டு, கப்ளர்களைக் கழற்றி, இரண்டு மூடிகளையும் போடுங்கள். எந்த கேஸ், எத்தனை அவுன்ஸ், எந்த எண்ணெய், எந்தத் தேதி என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பழைய ஸ்டிக்கரின் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆர்-12-இலிருந்து மாற்றியவர்களுக்குப் புது ஸ்டிக்கரும் புதுவாய் அடாப்டரும் விதிப்படியே கட்டாயம். அழுத்தம் மிஞ்சினால் கேஸை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு உள்ள அமைப்பாக இருந்தால், கம்ப்ரஸரை நிறுத்தும் உயர் அழுத்த ஸ்விட்சும் வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில் யூ.வி. விளக்கோடு நீங்கள் கைவைத்த ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி பாருங்கள். ஏதாவது ஒளிர்ந்தால் அந்த ஒரு ஓ-ரிங்கை மாற்றும் வேலைதான் மிச்சம். அதற்கும் முன்போலவே கேஸை மீட்டெடுத்து, வேக்கம் போட்டு, எடை பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.